நான் தப்பாக வரைந்த கரை

வீடு கட்ட அனுமதி கேட்பவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். மட்டாஞ்சேரி பஜாரில் ஓர் அரிசி கோடௌனுக்கு மேலே எனக்கு ஆபீஸ். செங்குத்தான மரப்படி. ஏறி வருபவர்கள் முதலில் மூச்சு வாங்குவார்கள். பக்கத்துக் கடையில் மிளகாய் மூட்டை இறக்குகிற நாளாக இருந்தால் தும்மவும் செய்வார்கள். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். கோடு விஷயத்தில் நான் கறார். ஒரு சுவர் அரை அங்குலம் தள்ளி விழுந்துவிட்டால் சோறு இறங்காது. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லை, ஆனால் நடந்ததைச் சொல்ல இது வேண்டியிருக்கிறது.

மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் கார்ப்பரேஷன் முடிந்து பஞ்சாயத்து தொடங்கும். எல்லை என்று அங்கே தனியாக ஒன்றும் இல்லை; பழைய மண்கரை ஒன்றுதான். அதற்கு இந்தப் பக்கம் கொசு மருந்து அடிப்பது கார்ப்பரேஷன், அந்தப் பக்கம் பஞ்சாயத்து. கொசுக்கள் இரண்டு பக்கமும் சௌகரியமாக இருக்கின்றன. கரைக்கு அப்பால் உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் வயல்கள். ஆறு மாதம் நெல், ஆறு மாதம் செம்மீன், அதாவது இறால். கரை ஓரத்தில் ஒரு வாயனசாலை. இரண்டு அறையும் ஒரு கேரம் போர்டும் உள்ள படிப்பகம். அதன் கூரை ஒழுகியபோது புதுக்கூரைக்கு நான்தான் பிளான் வரைந்தேன். அந்தப் பழக்கத்தில் அதன் செக்ரட்டரி இன்னொரு வேலையையும் என் தலையில் கட்டினார்.

அவர் முப்பது வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தமிழ்நாட்டு வேலைக்காரர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கிழித்தே தமிழ் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

"ஸ்டாப்புப் பேரு ஒன்னும் போகாது மேடம். ரெண்டு ஸ்டாப்புக்கு இடையிலே கொறே, நெறைய பேரு உண்டல்லோ, அதாக்கும் போயிட்டே இருக்கு. யாராவது வரைஞ்சு வைக்கணும்."

எல்லையோரத்து அந்த ஒரு வார்டில் இருக்கிற மண்கரைகள், தூர்ந்த வாய்க்கால்கள், மேடு பள்ளம், அவற்றின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர வேண்டும். சம்பளம் இல்லை, சாயா உண்டு. நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஊர்ப்பற்று என்று செக்ரட்டரி நினைத்தார். ஊர்ப்பற்று இல்லை. மட்டாஞ்சேரியில் நாங்கள் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். என் பெயருக்கு முன்னால் அப்பாவின் ஓர் எழுத்து நிற்கிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பதிவேட்டில் வீட்டுப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. வகுப்பில் எல்லாருக்கும் ஒரு மரமோ குளமோ மேடோ பெயராக இருக்க, எனக்கு மட்டும் கதவு எண் இருந்தது. ஆஜர் எடுக்கும்போது டீச்சர் அந்த எண்ணைச் சேர்த்து வாசிப்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதிலிருந்து அடுத்தவர்களின் பெயர்கள் மீது எனக்கு ஒரு கண்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். "இந்த இடத்துக்குப் பழைய பேர் என்ன?" என்று நேராகக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தலையைச் சொறிவார்கள், இல்லாவிட்டால் என்னைச் சந்தோஷப்படுத்த வாய்க்கு வந்த ராஜா கதையைச் சொல்வார்கள். இரண்டு வாரம் இப்படி வீணானது. பிறகு ஆதாரம் எழுதுகிறவர்களின் வழிக்கு மாறினேன். இங்கே நிலப் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள். அதில் நாலு பக்க எல்லை எழுதாமல் ஒரு வரி நகராது. நானும் அப்படியே கேட்டேன். உங்கள் வீட்டுக்குக் கிழக்கே என்ன, மேற்கே என்ன? தன் இடத்தின் பெயர் தெரியாதவர்கள் அடுத்த இடத்தின் பெயரை மூச்சு விடாமல் சொன்னார்கள். வெவ்வேறு வீட்டைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் எழுதுவேன், ஒருவர் மட்டும் சொன்னால் எழுத மாட்டேன். இந்த விதியை நானே செய்து, நானே மெச்சிக்கொண்டேன்.

வேலை நன்றாகவே நடந்தது. மொபைல் ரீசார்ஜ் கடை இருக்கிற மூலைக்கு தூம்புங்கல் என்று பெயர். அங்கே ஒரு மதகு இருந்திருக்கிறது. கடைக்காரருக்கே அது தெரியாது. மண்கரைகளை இங்கே சிற என்பார்கள். சிற எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க மழை விட்ட மறுநாள் போக வேண்டும். தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் தேங்கி நிற்கும், தென்னைகள் வரிசை பிசகாமல் நிற்கும், கரை இடியாமலிருக்க ஒருகாலத்தில் வைத்த தாழம்புதர் எங்காவது ஒன்று பாக்கி இருக்கும். அந்தத் தாழையைத்தான் கைத என்கிறார்கள்.

வார்டின் மேற்கு ஓரத்தில் ஒரு சந்து. வடக்கு வீட்டுக்காரரிடம் தெற்கே என்ன என்று கேட்டேன்.

"தெக்கு கைதச்சிற."

கிழக்கு வீட்டு அம்மாவிடம் மேற்கே என்ன என்றேன்.

"கைதச்சிற அல்லே?"

இரண்டு சாட்சி ஆயிற்று. இருவரும் காட்டிய இடத்தில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன வீடு, மூன்று சென்ட் மண். தரை சந்தின் மட்டத்தைவிட இடுப்பளவு உயரம், நீளவாக்கில் மேடு. ஓரத்தில் ஒரு தாழம்புதர்கூட இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? வீடு பூட்டியிருந்தது. நோட்டில் "பூட்டியிருந்தது" என்று எழுதினேன். எதிலும் ஒரு முறை இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். பிறகு அந்த மேட்டிலிருந்து எல்லைக்கரை வரை ஒரு சிறவை வரைந்து, கைதச்சிற என்று மலையாளத்தில் அழகாக எழுதினேன். வரைபடத்திலேயே நன்றாக அமைந்த எழுத்து அதுதான்.

சட்டம் போட்டு வாயனசாலைச் சுவரில் மாட்டினார்கள். பருப்பு வடை, சாயா, கைதட்டல். இரண்டு மாதம் கழித்து செக்ரட்டரி போன் செய்தார். நிலம் அளக்க வந்த ஓர் அதிகாரி மழைக்கு வாயனசாலையில் ஒதுங்கினாராம், படத்தைப் பார்த்து அசந்துபோனாராம், செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் இருக்கும். ஒரு பெண் என் ஆபீஸ் படியேறி வந்தார். வயது நாற்பத்தைந்துக்குள். மூச்சும் வாங்கவில்லை, தும்மவும் இல்லை. கையைப் பார்த்ததும் செம்மீன் ஷெட்டில் தோலுரிக்கிறவர் என்று தெரிந்தது. ஐஸிலேயே கிடந்து விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"வாயனசாலையில தொங்குற படம் வரைஞ்சது நீங்கதானா?"

தமிழ். தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழ். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"என் வீட்டு மேல கரை போகுதாமே. கரை சர்க்கார் புறம்போக்காம், யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாதாம். பதினெட்டு வருசமா நடந்து இப்பத்தான் பட்டயம் கிட்டுற மாதிரி இருந்துச்சு. ஃபைலைத் திருப்பிட்டாங்க. கேட்டா உங்க படத்தக் காட்டுறாங்க."

பட்டயம் என்பது இங்கே பட்டா. ஆபீஸ்காரர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வரைபடத்தில் சிற இருந்தது, சிற என்று எழுதினார்கள்.

அப்போது எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். யாரோ படியேறி வந்து என் கோட்டைத் தப்பு என்கிறார்கள். பழைய நோட்டை எடுத்துப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நான் சும்மா எழுதல. ரெண்டு வீட்டுல கேட்டாக்கும் எழுதினது. ரெண்டு பேரும் கைதச்சிறன்னுதான் சொன்னாங்க."

"அது எங்க வீட்டுக்காரரோட வீட்டுப் பேருல்லா!"

"வீட்டுப் பேர் இடத்தை வெச்சுத்தானே வரும்?"

"எந்த இடத்த வெச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்? கெட்டிக்கிட்டு வந்தப்பவே அந்தப் பேரு இருந்துச்சு. எங்க ஊர்ல இந்த மாதிரி ஒன்னும் கெடையாது. இப்ப அவரும் இல்ல, கேக்குறதுக்கு." அவர் நோட்டின் மீது குனிந்து, நான் மலையாளத்தில் எழுதியிருந்ததைத் தடுமாறாமல் வாசித்தார். "பூட்டியிருந்ததுன்னு எழுதிருக்கீங்க. நான் ஷிஃப்டுக்குப் போயிருப்பேன். எங்கிட்ட மட்டும் கேக்கலயேக்கா."

உண்மைதான். சந்தில் எல்லாரிடமும் கேட்டேன், யாருடைய மண்ணில் கோடு போட்டேனோ அவரிடம் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. மிளகாய் நெடியைச் சாக்காக வைத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது செக்ரட்டரி பஸ் ஸ்டாப்பிலேயே காத்திருந்தார். விஷயம் அவருக்கும் போயிருந்தது. அவர் முகம் சரியில்லை.

"மேடம், பாவம்னு சொல்லி மாத்தக்கூடாது கேட்டோ. ஒரு ஆளுக்காக ஒரு வரையை மாய்ச்சா, நாளைக்கு பத்து ஆளு வரும். பின்னே அது படமில்லை."

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்று அவரிடமும் சொல்லிவிட்டேன்: கரை உண்மையாகவே இருந்திருந்தால் கோடு அப்படியே இருக்கும், என்னை எதிர்பார்க்க வேண்டாம். இப்போது நினைத்தால் கடுமைதான். அவர் உள்ளே போய் ஒரு மண்வெட்டியை எடுத்துவந்து என் காலடியில் வைத்தார்.

"தோண்டிப் பாருங்க."

முதலில் பழைய சாட்சிகளிடம் போனேன். வடக்கு வீட்டுக்காரர் என் கேள்வியே புரியாமல் விழித்தார். தெற்கே கைதச்சிற என்று அவர் சொன்னது கைதச்சிறக் குடும்பத்தை. அவர்கள் இங்கே வந்து இருபத்தைந்து முப்பது வருடம்தான் இருக்கும். கடல் ஏறி வீடு போனபோது கடற்கரையிலிருந்து வந்தவர்கள். பெயரையும் கூடக் கொண்டுவந்தார்கள், பின்னே பெயரை விட்டுவிட்டா வருவார்கள்? இதைக்கூடத் தெரியாமல் ஒருத்தி பிளான் வரைகிறாளா என்பதுபோல் பார்த்தார். இங்கே ஒரு குடும்பம் பிடுங்கி நடப்பட்டால், விட்டு வந்த மண்ணின் பெயர் அவர்களோடு புது வீட்டு வாசலுக்கு வந்துவிடும். மலையாளிக் குழந்தைக்குத் தெரிந்த விஷயம். ஐம்பது வருடம் இவர்கள் நடுவிலேயே வளர்ந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. கதவு எண் எங்கேயும் கூட வராது, அதனாலாக இருக்கலாம்.

ஆனால் பெயர் வெளியிலிருந்து வந்தது என்பதால் மேடு இல்லாமல் போய்விடாது. மேட்டின் கதை வேறாக இருக்கலாம். நானும் செக்ரட்டரியும் மாறி மாறித் தோண்டினோம். அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஒரு அடி செம்மண். பிறகு கறுத்த காயல் சேறு, சிப்பிகள். பழைய சிறவிலும் இதே சேறுதான் இருக்கும் என்பதால் மேலே தோண்டத் தயங்கினேன். நியாயமாக நான் தயங்கக் கூடாது. எப்படி இருந்தாலும் சரி என்றுதானே வந்தேன்? ஆனால் மண்வெட்டியைச் செக்ரட்டரியிடம் கொடுத்துவிட்டேன். மூன்றாவது அடியில் மண்வெட்டி எதிலோ சிக்கிக்கொண்டது. செக்ரட்டரி கையால் இழுத்தார். நீல நைலான் வலைத்துண்டு. அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் வலை, ஒரு பிளாஸ்டிக் பால் கவர். தாத்தா காலத்துச் சிறவுக்கு அடியில் பால் கவர் இருக்காது.

"வெள்ளம் கேறாம இருக்க அவரு தோணியில சேறு கொண்டுவந்து போட்டாரு" என்றார் அந்தப் பெண். "ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டாரு. அந்தக் கைதயும் அவரு நட்டதுதான். அவங்க அப்பா வீட்டுல இருந்துச்சாம்."

அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன்.

மேடு புதியது என்று தெரிந்துவிட்டது. பெயர் பழையது, வேறிடத்தது என்பதற்கும் எழுத்தில் ஒன்று வேண்டும். அந்தப் பெண்ணின் கணவர் ஞானஸ்நானம் பெற்ற கடற்கரைக் கோயிலுக்கு அவரும் நானும் போனோம். பஸ் சுற்றிக்கொண்டு போக ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் காயல் கிடக்கிறது. அந்தக் கோயில் பதிவேட்டில் கணவருடைய தாத்தாவின் திருமணம் வரை கைதச்சிற என்றே இருந்தது. பாதிரியார் ஒரு கடிதம் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். வெளியே வந்ததும் கோயில் பணியாளரிடம், அந்தக் கைதச்சிற எங்கே, பார்க்க முடியுமா என்று கேட்டேன். தொழில் புத்தி. அவர் எங்களைக் கல்கோட்டை வரை கூட்டிப்போனார். கடலைத் தடுக்கக் கொட்டிய பாறைகள். அதன் மேல் ஏறி நின்று தண்ணீரைக் காட்டினார். இரண்டு வரிசை வீடும் ஒரு நடைவழியும் அதற்கும் அந்தப் பக்கம் சிறவும் இருந்தன என்றார். அலை சாதாரணமாக வந்து போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஷிஃப்ட் இருக்கிறது என்றார்.

பட்டய ஆபீஸில் நடந்த விசாரணைக்கு நானும் போனேன். பிளான் சரி என்று வாதாடியே பழக்கப்பட்ட வாய். தப்பு என்று சொல்ல நாக்கு புரளவில்லை. வரைபடத்தில் இந்த இடத்தில் போட்ட கோடு என் பிழை, இங்கே சிற இல்லை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாதிரியாரின் கடிதம், குழியின் போட்டோ, வலைத்துண்டு உட்பட எல்லாவற்றையும் கொடுத்தேன். வலைத்துண்டை அதிகாரி தொடவில்லை.

"அப்போது ஏன் சிற என்று வரைந்தீர்கள்?" என்று கேட்டார்.

"வீடு பூட்டியிருந்தது சார்" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். மறுபடி வந்து அளந்தார்கள். பிறகு மழைக்காலம், அதன்பிறகு தேர்தல் வேலை என்று ஃபைல் தூங்கியது. கடைசியில் எழுந்துகொண்டது.

நான் வரைபடத்தைப் புதிதாக வரைந்தேன். முழுவதும் மறுபடி நடந்தேன், பூட்டிய வீடுகளுக்கு இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் போனேன். இன்னும் இரண்டு பெயர்கள் அதே காரணத்தால் விழுந்தன. ஒன்று பாலக்காட்டிலிருந்து வந்திருந்தது. செக்ரட்டரி பழைய படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அவர் செய்த மரியாதை அது.

பட்டயம் கிடைத்த வாரம் அந்தப் பெண் வாயனசாலைக்கு வந்தார். எனக்கு ஒரு பொட்டலம் உலர்ந்த செம்மீன், செக்ரட்டரிக்கு ஒன்று. பட்டயத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தார், எங்களிடம் காட்டிவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். பிறகு புதுப் படத்தின் முன்னால் நின்று தூம்புங்கலிலிருந்து விரலால் நடந்து, சந்துக்குள் திரும்பி, தன் வீட்டில் நிறுத்தினார். அங்கே வெறும் காகிதம்தான் இருந்தது.

"பேரு இல்ல."

"பேர் இருந்தா பட்டயம் கிடைச்சிருக்காது" என்றேன். நான் சொல்ல நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

"அது தெரியும்க்கா. நெசக் கைதச்சிற இருந்துச்சே, அது எங்க வரும்? அதக் காட்டுங்க."

"அது இந்தப் படத்துல வராது. படம் வார்டோட முடியுது."

"வந்தா எங்க வரும்?"

கணக்கு சுலபம். படத்தில் ஒரு கிலோமீட்டர் அரை மீட்டர் நீளம். காயலைச் சுற்றாமல் நேர்க்கோட்டில் போனால் கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர்தான், அதற்கப்பால் கொஞ்சம் கடல். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அவர் வீட்டிலிருந்து மேற்கே அளந்தேன். சட்டம் முடிந்து சுண்ணாம்புச் சுவர் வந்தது. நிற்காமல் அளந்து, ஸ்விட்ச் போர்டுக்குக் கொஞ்சம் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். செக்ரட்டரி, புதிதாக வெள்ளையடித்த சுவர் என்று வாயெடுத்தார், பிறகு கிட்டே வந்து புள்ளியைப் பார்த்தார்.

அந்தப் பெண் ஒரு கையை வீட்டின் மேல் வைத்தபடியே மறு கையைப் புள்ளிக்கு நீட்டினார். எட்டியது.

"இவ்வளவு பக்கமா?" என்றார். "ரொம்பத் தூரம், இனி போக முடியாதுன்னு சொல்லிச் சொல்லியே செத்தாரே மனுசன்."